பாயை இறக்கு

காலை நீட்டிப் படு. "ம்" கொட்டிக்கிட்டே இருக்கணும். கொட்டலைன்னா தூங்கிட்டன்னு நெனைச்சு அம்மா நிறுத்திருவேன்.

ஒரு ஊர்ல ஒரு படகு இருந்துச்சு. படகு நடுவுல ஒரு மரம், மரத்துல ஒரு பாய். காத்தடிச்சா அந்தப் பாய் பொம்முன்னு உப்பிக்கிட்டுப் படகை இழுத்துட்டுப் போவும்.

"படுக்குற பாயாம்மா?"

இல்ல, இது துணிப்பாய். படுக்குறது கோரைப்பாய். ரெண்டுக்கும் பேரு ஒண்ணுதான், அதுலதான் கதையே மாட்டிக்கிட்டுக் கெடக்கு, கேளு.

படகுக்காரன் பேரு இன்னாசி. பொண்டாட்டி நட்சத்திரம். அவ வயக்காட்டு ஊர்ல பொறந்தவ. கடக்கரைக்கு வாக்கப்பட்டு எட்டு வருசமாகியும் படகுல கால் வச்சதில்ல. பாய்னா அவளுக்கு மொதல்ல ஞாபகம் வரது விரிச்சுப் படுக்குறதுதான்.

அவங்களுக்கு ஒரே பிள்ளை, பிலோமி. மீன்பாடே இல்லாம அடுப்பு எரியாத ஒரு காலத்துல, இன்னாசியோட அக்கா மதலேன் வந்து, கொஞ்ச நாள் நான் வச்சிருக்கேன்னு நாலு வயசுப் பிள்ளையத் துறைமுகத்து ஊருக்குக் கூட்டிட்டுப் போனா. கொஞ்ச நாள், மூணு வருசமாப் போச்சு.

அப்புறம் ஒரு சாயங்காலம் அக்காகிட்டருந்து கடுதாசி வந்துச்சு. வெள்ளிக்கிழமை விடிஞ்சதும் குடும்பத்தோட லாஞ்சு ஏறி அக்கரைக்குப் போறோம், இனி அங்கதான் இருப்போம், பிள்ளை வேணும்னா அதுக்குள்ள வந்துருங்க, வராட்டி எங்கூடயே வளரட்டும்னு எழுதியிருந்தா. அந்தக் கடுதாசி மழையில எங்கயோ கெடந்துட்டு வியாழக்கிழமை வந்து சேருது.

"நாளைக்கா வெள்ளிக்கிழமை?"

ஆமா, மறுநாளு. ஓடைப் பாலத்தை மழை அடிச்சுட்டுப் போனதால ரோட்டுல போக வழியில்ல. ராத்திரி முழுக்கக் கரையோரமாப் பாய் விரிச்சுப் போனா விடியுமுன்ன துறைமுகம். நானும் வாரேன்னா நட்சத்திரம். வேண்டாம்னான். கக்கத்துல ஒரு கோரைப்பாயை இடுக்கிக்கிட்டு அவனுக்கு முன்னால ஏறி உக்காந்துட்டா. சிவப்புக் கரை போட்ட பாய், நடுவுல நீலத் துணியில ஒட்டு. திரும்பி வரையில பிலோமி தூங்கணுமே, வேற பாயில அவளுக்குத் தூக்கம் வராதே. அதுல ஒண்ணுக்குப் போயிப் போயி ஒட்டுப்போட வச்சதும் அவதான், உன்னை மாதிரி.

சிரிச்சது போதும். பாய் நனையக்கூடாதுன்னு இன்னாசி அதைச் சுருட்டி மரத்துல மேலாக்கக் கட்டி வச்சான். படகு சளக்கு சளக்குன்னு கெளம்புச்சு.

பாதி தூரம் போகல, காத்து செத்துப்போச்சு. துணிப்பாய் தொங்கிருச்சு. இன்னாசி துடுப்பை எடுத்து வலிச்சான், வலிச்சான், உள்ளங்கைத் தோலு உரிஞ்சு துடுப்புல ஒட்டுற வரைக்கும் வலிச்சான். அப்புறம் சர்ர்ருன்னு ஒரு சத்தம். படகு மணல்திட்டுல ஏறி நின்னுச்சு. கடலைக் கண்டாலே நடுங்குறவ, அவன்கூட இடுப்பளவு தண்ணியில இறங்கித் தள்ளினா. தள்ளிக்கிட்டே, விடிவெள்ளி வந்துருச்சான்னு கேட்டா. அவன் அண்ணாந்து பாத்துட்டு, இல்லன்னான். வந்துதான் இருந்துச்சு.

"ம்."

படகு நழுவுச்சு. அப்போ கெழக்க இருந்து கருகருன்னு ஒரு மேகம். ஊஊன்னு காத்து, சடசடன்னு மழை. இன்னாசி பின்னால சுக்கானைப் புடிச்சிருக்கான், விட்டா படகு கவுந்துரும். அங்கருந்தே கத்தினான்.

"ஏட்டி, பாயை இறக்கு."

பயத்துல அவளுக்குத் துணிப்பாய் ஞாபகமே வரல. அய்யோ, பிள்ளை பாய் நனையுதேன்னு எட்டி முடிச்சை அவுத்தா. கோரைப்பாயை இறக்கினா. நெஞ்சோட அணைச்சு அது மேல கவுந்து படுத்துக்கிட்டா.

"இறக்கிட்டேங்க."

மேல துணிப்பாய் டர்ர்ர்ருன்னு கிழிஞ்சு, நாலு கந்தலாப் பறந்துச்சு.

இன்னாசி சுக்கானைத்தான் இறுக்கிப் புடிச்சான். ஒரு வார்த்தை வஞ்சிருந்தாக்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

மழை விட்டதும் அவன் அந்தக் கோரைப்பாயை வாங்கி, நாலு மூலையிலயும் ஓட்டை போட்டு, கயிறு கோத்து மரத்துல ஏத்தினான். படகு நத்தை மாதிரி நகந்துச்சு. கெழக்க வெளுத்துருச்சு. துறைமுகத்து வெளக்குக் கம்பம் தெரியுது. துறைமுகத்துக்குள்ளருந்து டுக்கு டுக்குன்னு ஒரு லாஞ்சு வெளிய வருது.

நட்சத்திரம் எந்திரிச்சு நின்னு பிலோமி பேரைச் சொல்லிக் கூப்பிட்டா. இன்னாசி இடுப்புல கட்டியிருந்த சாரத்தை அவுத்து ஆட்டிக் காட்டினான். எஞ்சின் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? லாஞ்சு அவங்களைத் தாண்டிப் போச்சு. அது கெளப்புன அலை வந்து படகை ரெண்டு ஆட்டு ஆட்டிட்டுப் போச்சு. அவ்வளவுதான்.

மதலேன் வீடு பூட்டிக் கெடந்துச்சு. வாசல்ல, கால் வளந்ததால பிலோமி விட்டுட்டுப் போன ஒரு சோடி சின்னச் செருப்பு. நட்சத்திரம் அதை எடுத்து மடியில கட்டிக்கிட்டா.

"ம்" கொட்டலையே? அழுறியா?

"இல்ல. சொல்லு."

அக்கரைக்குப் போக லாஞ்சுக் கூலிக்கு அவங்ககிட்டக் காசில்ல. ரெண்டு மாசம் கழிச்சு அக்கரையில இருந்து கடுதாசி வந்துச்சு. இன்னாசி வாசிச்சான். "லாஞ்சுல எனக்கு ஒரே வாந்தி, உள்ளயே படுத்துட்டேன். பிலோமி கம்பியப் புடிச்சு நின்னுக்கிட்டு 'எங்க பாய், எங்க பாய்'னு கத்தியிருக்கா. தூங்கப் பாய் தேடுதுன்னு பக்கத்துல இருந்த பொம்பள ஒண்ணு விரிச்சுக் குடுத்தாளாம். அதுல படுக்கவே மாட்டேன்னுட்டா." அப்படின்னு அக்கா எழுதியிருந்தா.

பிலோமி கேட்டது, பாய் எங்கேன்னு இல்ல. எங்க வீட்டுப் பாய் அந்தா வருதுன்னு சொல்லியிருக்கா. சிவப்புக் கரையும் நீல ஒட்டும் பிள்ளைக்குத் தெரியாதா?

அன்னைக்கு நட்சத்திரம் கரையில ஒரு பனங்கட்டையை நட்டு, உச்சியில அந்தப் பாயைக் கட்டிவிட்டா. கடல்ல வரவ பாக்கட்டும்னு. பைத்தியம்னு ஊரு சிரிச்சுச்சு. வருசா வருசம் காத்துல பாய் பிஞ்சுபோவும், அவ புதுசு வாங்கி, நடுவுல நீலத்துணி ஒட்டுப்போட்டுக் கட்டுவா. ஏழாம் வருசம் இன்னாசி காய்ச்சல்ல போயிட்டான். அந்த வருசம் ஏணி வச்சு அவளே ஏறிக் கட்டினா. அக்கரையில இருந்து கடுதாசியும் நின்னுபோச்சு. அவ யாரு கூடயும் பேச்சு வச்சுக்கிறதில்ல.

ஒன்பதாம் வருசம், ஒரு மத்தியானம். கரையில ஒரு படகு வந்து நிக்குது. ஒசரமா ஒரு பொண்ணு இறங்கி வரா, கையில ஒரு பெட்டி. நட்சத்திரத்துக்கு ஆளு அடையாளம் தெரியல, கடலையே பாத்துப் பாத்துக் கண்ணு மங்கிருச்சு. யாரு வேணும் தாயின்னு கேட்டா. அந்தப் பொண்ணு பனங்கட்டை உச்சியில பறக்குற பாயையே பாத்துக்கிட்டு நின்னுச்சு.

அப்புறம் சொல்லுச்சு.

"அம்மா, பாயை இறக்கு."

இந்தத் தடவை அவளுக்குத் தப்பாப் புரியல.

கண்ணு, கேக்குதா? பாய் இறங்கிருச்சு, கதையும் இறங்கிருச்சு. நீயும் இமையை இறக்கு.