இழுப்பதே தெரியாத பெட்டி

ஒச்சப்பன் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு, மீதியை நம்பலாமா என்று யோசித்து, கடைசியில் அதையும் நம்பாமல் விட்டால் பிழைத்துக்கொள்ளலாம். இது எங்கள் ஊரில் கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தேதான் அந்த வெள்ளிக்கிழமை காலையில் அவனுடைய பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்தேன்.

வேறு வழி இல்லை. என் தங்கச்சி செல்வராணியின் மகளுக்கு அன்றைக்குக் காதுகுத்து. மலையடிவாரத்துக் கோயிலில் பத்தரைக்குள் குத்தி முடிக்க வேண்டும். அதற்குமேல் ராகுகாலம். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். அந்தத் தாய்மாமன் நான். நானும் சீரும் போய்ச் சேராமல் ஆசாரி ஊசியைக் கையில் எடுக்கமாட்டார். இதில் மாப்பிள்ளை ராமராசு வேறு இருக்கிறார். கல்யாணத்தன்று அவருக்கு மாலை போட நான் இரண்டு நிமிடம் பிந்திவிட்டதை மூன்று வருஷமாகச் சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறார். நல்ல மனுஷன்தான், ஆனால் எதையும் மறக்கமாட்டார்.

சீர் ஏற்றப் பேசிவைத்திருந்த குட்டியானை வரவில்லை. எட்டரை மணிக்கு டிரைவர் போன் போட்டு, கிளட்ச் போய்விட்டது என்றான். வீட்டு ஆட்களெல்லாம் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார்கள். வாசலில் மிச்சம் நின்றது நானும், பதினொரு தாம்பாளமும், ஒரு வெள்ளாட்டுக் கிடாயும்தான்.

அப்போதுதான் ஒச்சப்பன் வந்தான். அவனுக்கு வெல்டிங் பட்டறை. பழைய மோட்டார்சைக்கிளுக்குப் பின்னால், இரண்டு சக்கரம் வைத்த சின்ன இரும்புப் பெட்டியை மாட்டிக் கம்பியும் தகரமும் ஏற்றிக்கொண்டு திரிவான். இழுவை சரியில்லை என்று மூன்று மாதமாக அந்தப் பெட்டியை வெட்டுவதும் ஒட்டுவதுமாக இருந்தான். ஊர்க்காரர்கள் கொடுத்த ஜன்னல் கம்பி வேலையெல்லாம் பட்டறையில் அப்படியே கிடந்தது.

"ஏறு மாயா, நான் கொண்டுபோய் விடுறேன்" என்றான். தட்டுகளையும் கிடாயையும் பெட்டியில் ஏற்றிவிட்டு நான் வண்டியின் பின்சீட்டுக்குப் போனேன்.

"அங்கிட்டு இல்ல. பின்பாரம் கூடிருச்சு. நீ பெட்டியில முன்னாடி உக்காரு. முன்பாரம் இருந்தாத்தேன் பெட்டி ஆடாது."

ஆகவே தாய்மாமனுக்கான பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு கிடாயோடு பெட்டியில் உட்கார்ந்தேன். ரேஷன் கடைப் பள்ளத்தில் ஒரு தேங்காய் எழும்பி என் தாடையில் அடித்தது. அடுத்த பள்ளத்தில் இன்னொன்று அடித்தது. ஒன்பது இருபதுக்கு ரயில்வே கேட்டுக்கு வந்தோம். எங்கள் மூக்குக்கு முன்னால் கேட் இறங்கியது. ஒரு ரயில் வரவேண்டும், ஒரு ரயில் போகவேண்டும், அரைமணி ஆகும் என்றார் கேட்கீப்பர்.

எங்களோடு இன்னும் இரண்டு பேர் அங்கே மாட்டிக்கொண்டார்கள். ஒருவர் பால்காரர் பரமன், காலையில் பால் ஊற்றிவிட்டுக் காலிக் கேன்களோடு பைக்கில் திரும்புகிறவர். இன்னொருவர் வாழையிலை விற்கும் பேச்சியக்கா. தலையில் இலைக்கட்டு. அவர் போவதும் எங்கள் காதுகுத்துப் பந்திக்குத்தான். பரமன் பெட்டியை ஒரு பார்வை பார்த்தார்.

"என்ன ஒச்சு, ஆளு, ஆடு, தட்டு எல்லாம் ஏத்திருக்க. வண்டி இழுக்குமா?"

அவர் அதைக் கேட்டிருக்கக் கூடாது. ஒச்சப்பன் எஞ்சினை அணைத்தான், இறங்கினான், வேட்டியை மடித்துக் கட்டினான்.

"இழுக்குமாவா? அண்ணே, இதுல முன்னாடி கட்டைச் சக்கரமா இருந்துச்சு. அதக் கழட்டி எறிஞ்சிட்டுப் பெரிய சக்கரம் போட்டேன். பேரிங்க நானே கடைஞ்சேன். தை மாசம் சும்மா ஒரு சுத்துச் சுத்திவிட்டேன். பங்குனியிலதேன் நின்னுச்சு. அதுவும் தானா நிக்கல. ஒரு கொசு வந்து உக்காந்துச்சு."

"கொசுவுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார் பேச்சியக்கா.

"கிறுகிறுத்துப் போச்சுக்கா. ஒரு வாரமா அது யாரையுமே கடிக்கல."

பரமன் சிரிக்காமல் தலையாட்டினார். அது ஒச்சப்பனுக்குப் போதுமாக இருந்தது.

"சக்கரம் சரியாயிருச்சு, ஆட்டம் இருந்துச்சு. ஸ்பிரிங் பட்டைய எடுத்து ஒண்ணொண்ணாத் தட்டி மாத்துனேன். அடைகாத்துக்கிட்டிருந்த கோழி ஒண்ணு, அதக் கூடையோட ஏத்திக்கிட்டு தேனிச் சந்தைக்குப் போனேன். முப்பது மைலு. கோழிக்குத் தெரியவே தெரியாது. நம்மூர்லதேன் இருக்கோம்னு நினைச்சு, சந்தைக்குள்ள இறங்கி என் வீட்டத் தேடுது. கடைசியில ஒருத்தன்கிட்ட வழி கேட்டுச்சு."

"என் தாடையைப் பாரு ஒச்சு" என்றேன் பெட்டிக்குள்ளிருந்து.

"நீ சீரு கொண்டுபோற பதட்டத்துல இருக்க மாயா. உனக்கு எல்லாம் ஆடுற மாதிரித்தேன் இருக்கும்."

"அப்ப என் பாலை ஏத்துனா?" என்றார் பரமன்.

"தாராளமா ஏத்துங்க. ரெண்டு நாள் ஓட்டுனா தயிராகும். ஆனா ஒருக்காலும் மோராகாது."

பேச்சியக்கா இலைக்கட்டை இறக்கி ஓரத்தில் வைத்துவிட்டு, நன்றாகக் கேட்பதற்காக அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். நான் மணி பார்த்தேன். ஒன்பது முப்பத்தைந்து. முதல் ரயில் கடகடவென்று போனது. ஒச்சப்பன் அது போகும்வரை வாயை மூடிக்கொண்டு நின்றான். அன்று காலை அவன் சும்மா இருந்தது அந்த ஒரு நிமிடம்தான்.

"அடுத்து ஏர்க்காலு" என்று, வண்டியையும் பெட்டியையும் இணைக்கும் நீளக் குழாயைத் தட்டிக் காட்டினான். "திருப்பத்துல பெட்டி வண்டிய முட்டுச்சு. ஏர்க்கால ஒரு முழம் கூட்டுனேன். சுகமா இருந்துச்சு. இன்னொரு முழம் கூட்டுனேன், இன்னும் சுகமா இருந்துச்சு. எனக்கு ஆசை விடல. கூட்டிக்கிட்டே போயிட்டேன். ஒரு நாளு ஆண்டிபட்டியில நின்னு டீ குடிக்கிறேன். கடைக்காரரு, எங்கப்பா பெட்டின்னாரு. வரும்யா, இப்பத்தேன் உசிலம்பட்டி தாண்டுதுன்னேன். ரெண்டாவது டீ குடிச்சு முடிக்கிறேன், பெட்டி வந்து நிக்குது."

"நடுவுல வந்த பஸ்ஸெல்லாம் என்ன செஞ்சுச்சு?" என்றார் பரமன்.

"குனிஞ்சு போச்சுண்ணே."

"அப்ப அந்த ஏர்க்காலு எங்க?"

"இதே கேட்டுலதேன் வம்பாயிருச்சு. நான் அங்கிட்டு, பெட்டி இங்கிட்டு, நடுவுல ரயிலு நின்னுக்கிட்டு ஆரன் அடிக்குது. சரி, ஊருக்கு எடைஞ்சலா இருக்க வேணாமுன்னு வெட்டிக் குறைச்சிட்டேன். வெட்டுன துண்டத்தேன் நம்மூர்ல செல்போன் டவரா நட்டுவச்சிருக்காக. நீங்க அத என்னான்னு நினைச்சீக?"

"அதேன் சிக்னலே கிடைக்க மாட்டேங்குது" என்றார் பேச்சியக்கா.

கேட்கீப்பர் அறைக்குள்ளிருந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. ஒச்சப்பன் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு குரலை உயர்த்தினான்.

"சிரிக்காதீக. இழுவை இம்புட்டுச் சுகமாயிருச்சுன்னா பெட்டிக்குத் திமிரு வந்திரும். கணவாய் இறக்கத்துல அது என்னய முந்தப் பாத்துச்சு. சரி போடான்னு எஞ்சின அமத்திட்டேன். பெட்டி என்னய இழுத்துக்கிட்டுப் போகுது! போறப்ப டேங்குல ரெண்டு லிட்டரு. திரும்பி வந்து பாக்குறேன், மூணு லிட்டரு."

"அப்ப பெட்ரோல் பங்குக்காரன் உங்கிட்டல்ல வந்து வாங்கணும்?"

"வந்தாகக்கா. நாந்தேன் மாட்டேன்னுட்டேன். எனக்குப் பட்டறை வேலையே தலைக்கு மேல கிடக்கு."

அவ்வளவோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அவன் கடைசியாக, ஏர்க்கால் வண்டியோடு சேருகிற இடத்துக்குக் குனிந்தான்.

"இதெல்லாம் ஒண்ணுமில்ல. சூட்சுமம் பூராவும் இந்தப் பின்னுலதேன் இருக்கு. நாலு பக்கமும் திரும்புற மாதிரி செஞ்சிருக்கேன். போன மாசம் சூறக்காத்து அடிச்சுச்சுல்ல? பெட்டி அந்தரத்துல எந்திரிச்சு மூணு கரணம் அடிச்சிட்டு வந்து நின்னுச்சு. முன்னாடி வண்டி ஓட்டுற எனக்குத் தெரியவே தெரியாது. பின்னாடி வந்த பஸ்ஸுக்காரரு சொல்லித்தேன் தெரியும். பின்னு மாட்டிட்டா பெட்டி இருக்குறதே தெரியாதுண்ணே. இருக்கா இருக்கான்னு திரும்பிப் பாத்துக்கிட்டே ஓட்டணும்."

"இம்புட்டு வேலை பாக்குற பின்னு எப்படித்தேன் இருக்கும்? காட்டு பாப்போம்" என்றார் பேச்சியக்கா.

ஒச்சப்பன் ஏர்க்காலுக்கு அடியில் இருந்த முட்டுக்காலை உதைத்துத் தரையில் ஊன்றினான். பின்னை உருவி, வேட்டியில் துடைத்து, பேச்சியக்காவின் கையில் கொடுத்தான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு பரமனிடம் கொடுத்தார். பெருவிரல் கனத்தில் ஒரு சாண் இரும்பு. பரமன் அதைக் கையில் தூக்கி எடை பார்த்தார்.

"ஒச்சு, பின்ன மாட்டிரு" என்றேன்.

"இருக்கட்டும் மாயா. இன்னொரு ரயிலு வரணுமே."

அது அப்போதே வந்துவிட்டது. சரக்கு ரயில். ஐம்பது பெட்டிகள் போய் முடிந்ததும் கேட் ஏறியது. இரண்டு பக்கமும் எல்லா வண்டியும் ஒன்றாக ஆரன் அடித்தன. மணி ஒன்பது ஐம்பது. "ஒச்சு, நேரமாச்சுடா!" என்று நானே கத்தினேன், அதை மறைக்கமாட்டேன். "பிடிச்சுக்க மாயா!" என்று அவன் தாவி ஏறி, ஒரே உதையில் கிளப்பி, ஆக்ஸிலேட்டரை முறுக்கினான்.

தண்டவாளத்தில் ஏறி இறங்கும்போது தேங்காய்கள் மறுபடியும் தாடைக்கு வரும் என்று எனக்குத் தெரியும். ஒரு கையால் தட்டுகளை அணைத்தேன், ஒரு கையால் கிடாயைப் பிடித்தேன், கண்ணை இறுக மூடிக்கொண்டேன். வண்டிச் சத்தம் சீறியது. பெட்டி ஆடவில்லை. ஒரு குலுங்கல் இல்லை. ஒரு தேங்காய் உருளவில்லை. கிடாய் நிம்மதியாக என் வேட்டி ஓரத்தை மென்றுகொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் நான் அவனை முழுசாக நம்பினேன். 'பாவம், இத்தனை நாளும் இவனைப் போய்ப் புளுகன் என்று சொன்னோமே' என்று மனசு உருகிப்போனது.

கண்ணைத் திறந்தேன். எதிரே பேச்சியக்கா நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் பரமன், கையில் பின்னோடு. தூரத்தில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், ஒச்சப்பன் முதுகு மட்டும் ஒரு தூசிப் படலத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

"டேய் ஒச்சு!" என்று மூன்று பேரும் கத்தினோம். கேட்கீப்பரும் சேர்ந்து கத்தினார்.

"திரும்ப மாட்டான்" என்றார் பரமன். "பெட்டி இருக்குறது தெரியாதுன்னு அவந்தேன் சொன்னானே."

போன் போட்டேன். சிக்னல் இல்லை. பேச்சியக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். எனக்கு ஆத்திரம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். கோயில் வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணன் வரவில்லையே என்று செல்வராணி சாலையைப் பார்த்து நிற்பாள். அது என் கண்ணுக்குள்ளேயே நின்றது.

"அழுகாத தம்பி" என்று பேச்சியக்கா இலைக்கட்டின் கயிற்றை அவிழ்த்தார். இலைகளை என் மடியில் பரப்பினார். பரமன் தன் வண்டியின் கேரியரில் ஏர்க்காலைச் சேர்த்து வைத்து, அந்தக் கயிற்றால் ஏழு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். முட்டுக்காலை மடக்கினோம். பேச்சியக்கா பரமனுக்குப் பின்னால் ஏறி, கயிறு நழுவாமல் ஏர்க்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். பெட்டி குலுங்கியது, ஆடியது, எல்லாத் தேங்காயும் என் தாடைக்கு வந்தன. ஒவ்வொரு அடியும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நகர்கிறோம் என்று தெரிந்ததல்லவா?

கோயிலுக்கு இருநூறு அடி இருக்கும்போதே மேளச் சத்தம் கேட்டது. வாசலில் கூட்டம் பூராவும் சாலையைப் பார்த்து நின்றது. ஒச்சப்பன் எங்களுக்குக் கால்மணி நேரம் முன்னாலேயே வந்து, "சீரு வந்திருச்சு!" என்று கத்தி மேளத்தைக் கிளப்பிவிட்டிருக்கிறான். செல்வராணி ஆரத்தித் தட்டோடு ஓடிவந்து, "சீரு எங்கண்ணே?" என்றிருக்கிறாள். அவன் திரும்பிப் பார்த்திருக்கிறான். ஒரு விநாடிதான். பிறகு கண்ணிமைக்காமல் சொல்லியிருக்கிறான்:

"வருதும்மா. ஏர்க்காலு கொஞ்சம் நீளம்."

நான் குதித்து இறங்கினேன். கிடாய் கடித்த வேட்டியோடு ஓடிப்போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். குழந்தையை மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். மருமகள் வீறிட்டு அழுதாள். நானும் அழுதேன், யாரும் பார்க்கவில்லை. ராமராசு கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்து என் காதில் சொன்னார்: "பத்து இருபத்தெட்டு. இந்தத் தடவை ரெண்டு நிமிஷம் முந்திட்டீக மச்சான். போனது கழிஞ்சிருச்சு."

எழுந்து வெளியே வந்தால், ஒச்சப்பனைச் சுற்றிப் புதுக்கூட்டம்.

"எட்டு கிலோமீட்டரு!" என்று அவன் விரலை நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். "ஆளு, ஆடு, பதினோரு தட்டு. அம்புட்டு பாரம் இருந்தும், வண்டி ஓட்டுன எனக்கு ஏதாவது தெரிஞ்சுச்சாங்குறேன்?"

பரமன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அவன் நீட்டிய கையில் பின்னை வைத்தார்.

"பெட்டிக்கும்தேன் தெரியல ஒச்சு."