பத்து விநாடி அணைப்பு

அசமந்தூர் நில அளவை அலுவலகத்தில் ஆறு கணினிகளும் மூன்று ஊழியர்களும் இருந்தார்கள். இவற்றில் எது பழுது என்று பார்த்த மேலிடத்துக்கு, என்ன காரணமோ, கணினிகள்தான் கண்ணில் பட்டன. ஆள் அனுப்பிச் சரிசெய்தார்கள். வந்த மெக்கானிக் ஆறையும் ஓடவிட்டு, சோதனைத் தாள் ஒன்றைத் தலைமை எழுத்தர் திருமேனியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் மாவட்ட அதிகாரி வருகிறார். தாளில் உள்ளபடி சோதித்து வைத்தால் திருமேனிக்குக் கண்காணிப்பாளர் பதவி. ஒரு வரி பிசகினாலும் அது பக்கத்து ஊர்க்காரருக்கு. இருபது வருடம் காத்திருந்த பதவி. 

‘திறந்திருக்கும் சாளரங்கள் அனைத்தையும் மூடவும்’ என்றது முதல் வரி. எட்டு ஜன்னலையும் இழுத்துச் சாத்தினார்கள். வெளியே பட்டாவுக்கு நின்ற ஜனங்கள், வழக்கம்தானே என்று கலைந்து போனார்கள்.

‘கணினியைப் பத்து விநாடி அணைத்து வைத்திருக்கவும்’ என்றது இரண்டாம் வரி. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நான் கல்யாணம் ஆனவ சார். கண்டதையும் அணைக்க முடியாது” என்றாள் டைப்பிஸ்ட் அஞ்சுகம்.

“பெட்டியையா, திரையையா? தெளிவாப் போடலையே” என்றார் பதிவறைக் கிட்டப்பா.

“உத்தரவுன்னு வந்துட்டா கூச்சம் பாக்கக் கூடாது” என்ற திருமேனி, சட்டையைச் சரிசெய்துகொண்டு முதல் கணினியைக் கட்டிப்பிடித்தார். கிட்டப்பா பத்து வரை எண்ணினார். ஐந்து கணினி முடிவதற்குள் திருமேனி வியர்வையில் குளித்துவிட்டார்.

மூலையில் இருந்த ஆறாவதற்குக் கை எட்டவில்லை. ஒரு பக்கமாக அணைத்தால் செல்லுமா என்று மெக்கானிக்கைப் போனில் கேட்டார்.

“யோவ்! அணைக்கிறதுன்னா நிறுத்துறதுய்யா!” என்று அந்த ஆள் கத்தினார்.

திருமேனி ஆறையும் நிறுத்தி, எண்ணி, மறுபடி போட்டார். அதோடு விட்டாரா? ‘இவ்வலுவலகத்தில் இனி அணைத்தல் என்றால் நிறுத்துதல் மட்டுமே’ என்று சுற்றறிக்கை எழுதி, மூவரும் கையெழுத்திட்டுச் சுவரில் ஒட்டினார்கள்.

மறுநாள் அதிகாரி வந்தார். ஆறும் ஜோராக ஓடின. பதவி உயர்வு உத்தரவைக் கையில் எடுத்தவர், பூரித்துப்போய், “திருமேனி, உம்மை அப்படியே அணைச்சுக்கணும் போல இருக்குய்யா!” என்றார்.

 மறுத்தால் பதவி போகும். திருமேனி சுவரில் ஒட்டிய சுற்றறிக்கையைப் பார்த்தார், உத்தரவைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார்.

“ஐயா, பத்து விநாடிதான்! பிள்ளைகுட்டிக்காரர்!” என்று அஞ்சுகம் அழுதாள்.

அதிகாரி அணைத்துவிட்டு விலகினார். கிட்டப்பா பத்து எண்ணி முடித்தார். திருமேனி அசையவில்லை. உத்தரவை நீட்டியும் வாங்கவில்லை. நிறுத்திய ஆள் எப்படி வாங்குவார்? யாராவது போடட்டும் என்று விறைத்து நின்றார்.

“சீக்கிரம் போடும்மா! இவருக்கு சுவிட்ச் எங்க இருக்கு?” என்று பதறினார் கிட்டப்பா.

“எனக்கென்ன சார் தெரியும்?” என்றாள் அஞ்சுகம். “இருபது வருஷத்துல இவர் ஓடி நாம பார்த்ததே இல்லையே!”