பெட்டிக்குள் போன எழுத்தாணி

துறையூர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் அச்சுக் கடை இருந்தது. கடையில் ஒரு கணினி. லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடுகிற கணினி. அதற்குள்ளே ஒரு குடியிருப்பு இருந்தது.

குடியிருப்பின் நடுவில் களஞ்சியம் என்று ஒருத்தி இருந்தாள். எழுத்துகள், அளவுகோல், நிறக் கிண்ணம், படம் திறக்கும் சாவி எல்லாம் அவளிடம்தான் இருக்கும். அங்கே குடியிருந்த செயலிகள் வேலை வரும்போது அவளிடம் வாங்கிக்கொள்வார்கள், முடிந்ததும் அவளிடமே திருப்பி வைப்பார்கள். ஒரே அளவுகோலை எல்லாரும் புழங்கினார்கள். அதனால் இடமும் மிச்சமாக இருந்தது.

எழுத்தாணி அங்கே நெடுநாள் குடியிருந்த செயலி. சுவரொட்டிக்கு எழுத்துக் கோப்பது அவன் வேலை. கடைக்காரி வேதவல்லி காலையில் முதலில் கூப்பிடுவது அவனைத்தான். பக்கத்து அறையில் இருந்த சித்திரக்காரி படங்களைத் திருத்துகிறவள். அவள் வந்தது பிறகு.

ஒரு வெள்ளிக்கிழமை வெளியிலிருந்து புதுப்பிப்பு வந்தது. களஞ்சியம் பழைய அளவுகோலைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை வைத்தாள். சித்திரக்காரிக்குப் புதியதுதான் தேவைப்பட்டது. எழுத்தாணியின் கைக்கு அது அடங்கவில்லை. மறுநாள் காலை வேதவல்லி அவனைக் கூப்பிட்டாள். எழுந்தான், விழுந்தான். திரும்பக் கூப்பிட்டாள். திரும்ப விழுந்தான்.

விழுந்த இடத்திலிருந்தே அவன் களஞ்சியத்தைக் கேட்டான்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

பழைய கோலைக் கரையான் அரித்து ஓட்டை போட்டுவிட்டது என்றாள் களஞ்சியம். அந்த ஓட்டை வழியாகத் திருடர்கள் வருவதாகப் பல ஊர்களிலிருந்து சேதி வந்ததாம். தன்னிடம் ஒரு கோலை மாற்றினால் அத்தனை பேர் வீடும் ஒரே நேரத்தில் பத்திரமாகிவிடும் என்றுதான் மாற்றினாளாம்.

அவள் சொன்னது உண்மை. விழுந்தவனுக்கு அந்த உண்மையால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அதனால் அவன் அதைக் காதில் வாங்கவில்லை. கேட்காமல் மாற்றினாள் என்பதை மட்டும் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டான். அப்படி வைத்துக்கொண்டது எளிதில் கெட்டுப்போகாது.

விழுகிற செயலியை வைத்துக்கொண்டு கடை நடத்த முடியாது. வேதவல்லி அவனை அழித்தாள். பிறகு இணையத்தில் தேடி, அவனையே பெட்டியில் அடைத்த பொட்டலமாக வரவழைத்தாள்.

எழுத்தாணி திரும்பி வந்தபோது குடியிருப்பே வேடிக்கை பார்த்தது. முன்பு ஓர் அறையில் ஒடுங்கி இருந்தவன் இப்போது ஒரு தெருவையே அடைத்துக்கொண்டான். பெட்டிக்குள் அவனுக்கென்று தனி நிறக் கிண்ணம், தனிச் சாவி, தனி விளக்கு. களஞ்சியம் எறிந்த அதே பழைய அளவுகோலின் ஜோடியும் உள்ளே இருந்தது. அதை அவன் எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டிவைத்தான்.

சித்திரக்காரிக்கு நகர்ந்து உட்காரக்கூட இடமில்லாமல் போயிற்று.

"ஒரு ஆளுதான் வந்திருக்கானா, இல்ல கல்யாண வீடே காலி பண்ணிட்டு வந்திருக்கா?" என்றாள்.

இனி யார் எதை மாற்றினாலும் தான் விழப்போவதில்லை, யார் வாசலிலும் நிற்கப்போவதுமில்லை என்று எழுத்தாணி பதில் சொன்னான். அதுவும் உண்மைதான். அன்று காலையே இன்னொரு புதுப்பிப்பு வந்தது. சித்திரக்காரி இரண்டு முறை தடுமாறி எழுந்தாள். அவன் அசையவில்லை.

பெட்டியோடு ஒரு வாசற்காவலனும் வந்திருந்தான். கடைக்காரி தன் கையால் எடுத்துக் கொடுக்கிற கோப்பு மட்டும்தான் அவனைத் தாண்டி உள்ளே போகும். உள்ளே இருப்பவர்களும் அவனைக் கேட்காமல் வெளியே கை நீட்ட முடியாது.

பெட்டியில் ஒரு சின்னச் சன்னல் இருந்தது. அது களஞ்சியத்தின் எழுத்து அலமாரியைப் பார்த்துத் திறந்திருந்தது. பெட்டியைக் கட்டியவர்கள் தூர தேசத்துக்காரர்கள். எந்த ஊரில் என்ன எழுத்துப் புழங்குகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. தங்கள் எழுத்தை மட்டும் உள்ளே வைத்துவிட்டு, மற்றதை அந்தந்த ஊரிலேயே வாங்கிக்கொள்ளட்டும் என்று சன்னல் விட்டிருந்தார்கள்.

எழுத்தாணி எட்டிப் பார்த்தான். எதிரே களஞ்சியம் நின்றாள்.

"இதைச் சாத்து" என்றான் காவலனிடம்.

"அண்ணே, தமிழ் எழுத்தெல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கு."

"சாத்துன்னா சாத்து. அவ கையால எனக்கு ஒண்ணும் வரவேண்டாம்."

காவலன் சாத்தினான்.

கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவர் பிறந்தநாள் படம் ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுவந்தார். வேதவல்லி அதை எழுத்தாணியிடம் கொடுத்தாள். படத்துக்குள் ஒரு திருடன் பதுங்கியிருந்தான். பெட்டிக்குள் மாட்டியிருந்த பழைய அளவுகோலின் ஓட்டை அவன் கண்ணில் பட்டது. அதன் வழியாகவே உள்ளே குதித்தான்.

குதித்தவன் சுற்றிலும் பார்த்தான். நாலு சுவர். கடையின் கோப்புகள் ஒன்றுகூட அங்கே இல்லை. வாசலுக்குப் போய் வழி விடச் சொன்னான். உன்னைக் கடைக்காரி கூப்பிட்டாளா என்று காவலன் கேட்டான். கூப்பிடாதவனுக்கு அவன் வழி விடவில்லை. வேதவல்லி படத்தை மூடியபோது அவனும் அதோடு போனான்.

குடியிருப்பு முழுக்க அதே பேச்சாக இருந்தது. இடத்தை அடைத்துக்கொண்டான் என்று குறை சொன்ன சித்திரக்காரியே, தன்னிடம் அந்தப் படம் வந்திருந்தால் எல்லார் வீடும் போயிருக்கும் என்று ஒப்புக்கொண்டாள். களஞ்சியமும் பெட்டி நல்ல பெட்டிதான் என்றாள். திருடன் பழைய கோலின் ஓட்டை வழியாகத்தான் வந்தான், சித்திரக்காரியின் புதுக் கோலில் அந்த ஓட்டை இல்லை என்பது களஞ்சியத்துக்குத் தெரியும். அதை அவள் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்கவேண்டியவன் சன்னலைச் சாத்தியிருந்தான்.

மத்தியானம் மருதையன் என்று ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். அவருடைய தம்பி செல்லக்கண்ணு விடியற்காலையில் இறந்துபோயிருந்தார். நாலு மணிக்கு எடுக்கிறார்கள். அதற்குள் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஊரில் ஒட்டியாக வேண்டும். கீழே தன் பெயரும் வரவேண்டும் என்றார். அதை இரண்டு தடவை சொன்னார்.

அந்த அண்ணன் தம்பிக் கதை வேதவல்லிக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் ஒரே கிணறு. முறை வைத்து இறைத்தார்கள். ஒரு கோடையில் தம்பி முறை மாறி மோட்டார் போட்டுவிட்டார். அண்ணனைக் கேட்கவில்லை. அண்ணன் தனக்கென்று ஆழ்துளைக் கிணறு போட்டு, நடுவில் ஆளுயரச் சுவரும் எழுப்பினார். அவருக்குத் தண்ணீர்க் கஷ்டம் அதற்குப் பிறகு வந்ததே இல்லை. தம்பியின் பெயரை அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை.

வேதவல்லி எழுத்தாணியைத் திறந்தாள். தம்பியின் படத்தை நடுவில் வைத்தாள். பெயரைத் தட்டினாள். திரையில் எழுத்து வரவில்லை. வரிசையாகக் கட்டம் கட்டமாக வந்தது. காலிக் கட்டம். கீழே மருதையன் பெயரைத் தட்டினாள். அதுவும் கட்டமாகவே வந்தது. அழித்துவிட்டுத் திரும்பவும் தட்டிப் பார்த்தாள்.

பெட்டிக்குள் எழுத்தாணி கையைப் பிசைந்தான். கோல் இருந்தது, கிண்ணம் இருந்தது, விளக்கு எரிந்தது. எழுத்து இல்லை. எழுத்துக்கு இடம் மட்டும் விட்டுக் கோடு போட முடிந்தது.

காவலன் சன்னலைப் பார்த்தான். திறக்கட்டுமா என்று கேட்டான். பெரியவர் வேறு கடைக்குப் போகட்டும் என்றான் எழுத்தாணி.

வெளியே மருதையன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார்.

"ஏந்தாயி, இதுல எது அவன் பேரு, எது என் பேரு?"

"மேல இருக்கறது தம்பி பேருங்க பெரியப்பா. கீழ உங்க பேரு."

அவர் மேலே பார்த்தார். கீழே பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றார்.

அவர் சட்டைப்பையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

அவர் சொன்னது பெட்டிக்குள்ளும் கேட்டது. எழுத்தாணி தான் போட்ட கட்டங்களைத் திரும்பிப் பார்த்தான். போனவருக்கும் ஒரு பெட்டி. இருக்கிறவருக்கும் அதே அளவில் ஒரு பெட்டி. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று போட்டவனுக்கே தெரியவில்லை.

"கொஞ்சமா திற" என்றான். "கை போற அளவுக்கு மட்டும்."

காவலன் திறந்தான். களஞ்சியம் எழுத்துகளைக் கையில் ஏந்தி அங்கேயே நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நின்றாளோ. அவற்றை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். கட்டங்கள் ஒவ்வொன்றாக எழுத்தாயின.

அவள் பார்வை உள்ளே மாட்டியிருந்த கோல்மேல் விழுந்தது.

"அதையும் கொடு. நல்லதா மாத்தித் தர்றேன். இந்தத் தடவை கேட்டுத்தான் தர்றேன்."

"அதை அப்புறம் பாக்கலாம்" என்றான் எழுத்தாணி.

ஆனாலும் சன்னலைச் சாத்தச் சொல்லவில்லை. பெட்டி பெட்டியாகவே இருந்தது, காவலனும் வாசலிலேயே நின்றான். திருடன் மறுபடி வரமாட்டான் என்று யார் சொல்ல முடியும்? கோலைப் பற்றி இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

சுவரொட்டிகள் அச்சாகி வந்தன. மருதையன் ஒன்றை விரித்துப் பிடித்தார். செல்லக்கண்ணு என்று வாய்விட்டுப் படித்தார். பழகாத பெயரைப் படிப்பது போல மெதுவாகப் படித்தார்.

முதல் சுவரொட்டியை அவரே தன் கையால் ஒட்டினார். நடுவில் தான் எழுப்பிய சுவரில், தம்பி வீட்டைப் பார்த்த பக்கத்தில் ஒட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். சுவரில் வழி எதுவும் இல்லாததால் பசை வாளியோடு தெருவைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது. அவர் போய்ச் சேர்ந்தபோது பாடை கட்டி முடித்திருந்தார்கள்.

அந்தச் சுவரை எழுப்பும்போது கொத்தனார் ஒரு சன்னல் வைக்கட்டுமா என்று கேட்டிருந்தார்.