அல்லித் தொட்டிக் கொசு

கருத்தரங்கில் ஆய்வு போஸ்டரை நன்றாக விளக்குபவருக்குப் பெங்களூர் ஆய்வகத்தில் ஒரு மாதம் தங்கி வேலை பார்க்க அழைப்பு உண்டு. ஆய்வு மாணவி செண்பகவல்லிக்கு அந்த ஆசைதான். கொசுப்புழுவைத் தின்னும் மீன்களைப் பற்றிய ஆய்வில் உழைத்தவள் அவள். ஆனால் துறை வழக்கப்படி போஸ்டரில் வழிகாட்டி பூவராகன் பெயர் பெரிதாகவும் அவள் பெயர் அடியில் பொடியாகவும் இருந்தன.

"நீ சும்மா நில்லும்மா, நான் பேசிக்கறேன்" என்றார் பூவராகன்.

நடுவர் வந்தார். கொடுத்தது இரண்டே நிமிடம். தாளாளர், முதல்வர், துறைத்தலைவர் என்று வரிசையாக வணக்கம் சொல்லி, நடுவரையும் புகழ்ந்து முடிப்பதற்குள் பூவராகனுக்கு நேரம் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது.

"இன்னும் பத்து விநாடிதான் சார்" என்றார் நடுவர், முழங்கையைச் சொறிந்தபடி.

"மீதியை இவ சொல்லுவா."

"சார், உங்களைக் கடிச்ச கொசு வாசல்ல இருக்கிற அல்லித் தொட்டியில பிறந்தது. அதுல நாலு மீன் விட்டிருந்தா நீங்க சொறிய வேண்டாம். எங்க ஆய்வு அவ்வளவுதான்."

நடுவர் போய்த் தொட்டியில் குனிந்து பார்த்தார். புழுக்கள் நெளிந்தன. தொட்டியை வைக்கச் சொன்ன பூவராகன் மின்விசிறியைப் பார்த்தார்.

நடுவர் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். "உன் பேர் என்னம்மா?"

அவள் தலை தானாகக் குனிந்தது. எல்லோரிடமும் சொல்லிப் பழகியதே வாயில் வந்தது.

"பூவராகன் சார் ஸ்டூடண்ட், சார்."

அவர் அப்படியே குறித்துக்கொண்டார். மாலையில் பெங்களூர் பரிசை அறிவித்தவர், குறிப்பில் மாணவியின் பெயர் இல்லாததால், போஸ்டரில் பெரிதாக இருந்த பெயரையே அழைத்தார். பூவராகன் மேடையேறி, தாளாளருக்கு வணக்கம் சொல்லத் தொடங்கினார்.

கடைசி வரிசையில் செண்பகவல்லி கைதட்டினாள். கண்ணாடி முன் எல்லாவற்றையும் பேசிப் பார்த்திருந்தாள், தன் பெயரைத் தவிர.