காப்பில் கட்டிய கம்பி

முதலில் சிங்கராயனின் இரண்டு விரல்கள். கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டார்கள்.

அடுத்து சுடலைமுத்துவின் தொடை. குடித்திருந்தான் என்று எழுதிக்கொண்டார்கள். அவன் குடிப்பதில்லை.

மூன்றாவது பவுலின் கழுத்து. விதி என்று எழுதிக்கொண்டார்கள். புதைத்தோம்.

மூன்றும் மரம் அறுக்கும் ஒரே செயின் மெஷின். எஸ்டேட்டில் அதைத் தொட இனி ஆள் இல்லை. மெஷினைப் பராமரிக்கும் வெள்ளையப்பனே நாளை அறுக்கட்டும் என்றார் சூப்பர்வைசர் ஜெயசீலன்.

வெள்ளையப்பன் அதைத் தூக்கிக்கொண்டு ரெஜினாவின் பட்டறைக்கு வந்தார். தன்னைவிட இருபது வயது இளையவளிடம் தொழில் கற்றவர் அவர்.

"டீச்சர், இதுல ஏதோ ஏறியிருக்கு. எகிறி எகிறி ஆளைத் தேடுது."

"என்ன செஞ்சு பார்த்தீங்க?"

"செயினுக்கு அரம் போட்டேன். பிளக் மாத்தினேன். எலுமிச்சம்பழமும் கட்டிட்டேன்."

"ஆயுத பூஜைக்கு இன்னும் நாள் இருக்கே அண்ணே."

அவர் சிரிக்கவில்லை. மெஷினை மேஜைமேல் வைத்தார்.

கைப்பிடிக்கு முன்னால் ஒரு காப்பு உண்டு. மெஷின் எகிறினால் அது கையில் பட்டுச் சாயும். அந்த நொடியே பிரேக் பிடித்து செயின் நிற்கும்.

எலுமிச்சம்பழம் அந்தக் காப்பில்தான் தொங்கியது.

ரெஜினா பழத்தை அறுத்து எடுத்தாள். அடியில் கட்டுக்கம்பி. காப்பு சாய முடியாதபடி மூன்று சுற்று.

"யார் கட்டினது?"

"சூப்பர்வைசர் சொன்னார். மரத்தூள் அடைச்சா பிரேக் சும்மா சும்மா பிடிக்குது. கழற்றிச் சுத்தம் பண்ண யார் நேரம் தர்றா?"

"சொன்னது யாருன்னு நான் கேக்கலை."

அவர் தன் கைகளைப் பார்த்தார்.

"வேலை போனா எஸ்டேட் குடுத்த லயத்து வீடும் போயிடும் டீச்சர்."

"பவுலும் லயத்துலதான் இருந்தான்."

கம்பியை வெட்டி, பிரஷ்ஷை அவர் கையில் கொடுத்தாள். அவர் பிரேக் மூடியைக் கழற்றினார். எண்ணெயில் ஊறிய தூள் கறுப்புக் கட்டியாக வந்தது. துடைத்து மாட்டினார்.

அவள் மெஷினை ஓடவிட்டுக் காப்பைத் தள்ளினாள். செயின் நின்றது.

பத்து நிமிடம் ஆகியிருந்தது.

"இனிமே பயமில்லாம அறுக்கலாமா?"

அவள் கம்பியை அவர் சட்டைப்பையில் போட்டாள். ஒரு தாளில் இரண்டு வரி எழுதினாள். கட்டியவர். கட்டச் சொன்னவர்.

"காலையில பெரட்டுல, பேர் கூப்பிட எல்லாரும் நிக்கிறப்போ படிங்க."

"கீழ் வரியை மட்டும் படிக்கிறேனே."

"மேல் வரியை நீங்க விட்டா, அதை சூப்பர்வைசர் படிப்பார்."

மறுநாள் பெரட்டுக் களத்தில் நூற்றிருபது பேர். முன்வரிசையில் பவுலின் மனைவி அன்னம்மாள்.

பெயர் கூப்பிட ஜெயசீலன் நோட்டைத் திறந்தார். வெள்ளையப்பன் தாளைப் பிரித்தார்.

"என்னய்யா அது, லவ் லெட்டரா?"

சிலர் சிரித்தார்கள்.

வெள்ளையப்பன் கம்பியைத் தூக்கிக் காட்டினார். சிரிப்பு நின்றது.

"காப்பைக் கட்டியவர்..."

அங்கேயே நிறுத்தினார். அன்னம்மாளைப் பார்த்தார். முதலிலிருந்து படித்தார்.

"காப்பைக் கட்டியவர், வெள்ளையப்பன்."