சுண்ணாம்பு படாத பெல்ட்

இதைக் கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். ஆனால் இப்போதே பல்லைக் காட்டாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். முதலில் எங்கள் அரிசி ஆலை மேனேஜர் சதாசிவத்தின் குரலைக் கேளுங்கள். மூக்கிலிருந்துதான் வரும்.

"செங்கோடா, நாளைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றாரு. தண்ணித் தொட்டிக்குச் சுண்ணாம்பு அடிச்சிரு."

தொட்டி நாற்பது அடி உயரம். ஆலைக் கூலியாள் செங்கோடன் பாதுகாப்பு பெல்ட் கேட்டான். ஆலையில் ஆறு பெல்ட் உண்டு. ஆறும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், ஆயுத பூஜைப் பொட்டோடு, கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடந்தன.

"அது இன்ஸ்பெக்டருக்குக் காட்டறதுக்குடா! சுண்ணாம்பு பட்டா என்னாகிறது? சும்மா ஏறு. இல்லைன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

செங்கோடன் பவ்யமாகத் தலையாட்டினான். "ஏறிடறேனுங்க. ஆனா, எப்படி மாட்டறதுன்னு இன்ஸ்பெக்டரு உங்களையே காட்டச் சொன்னா? ஒருக்கா மாட்டிப் பாத்துருங்க சார்."

மேனேஜருக்கு அது நியாயமாகப் பட்டது. அலமாரியைத் திறந்து ஒரு பெல்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, தொட்டி ஏணியில் நாலு படி ஏறினார். உமி அள்ளிய பெண்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

ஏணி லேசாக ஆடியது.

"டேய், டேய்! பெல்ட் கொக்கியை ஏணியில நல்லா மாட்டுடா! விழுந்தா எம் பொண்டாட்டி புள்ளைகளை யாரு பாக்கிறது?"

"மாட்டியாச்சுங்க. நாலு படிதானுங்களே," என்றான் செங்கோடன். "நீங்க இறங்குங்க. நான் நாப்பது அடிக்குப் போகோணும்."

ஒருத்தியும் சிரிக்கவில்லை. மேனேஜர் தன் இடுப்பைப் பார்த்தார். பிறகு கீழே நின்றவனின் வெறும் இடுப்பைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. இறங்கி வந்து, யார் கண்ணையும் பார்க்காமல், பெல்ட்டை அவிழ்த்து அவன் கையில் கொடுத்தார்.