தாசில்தாரை அடைத்த ஐந்து நாள்

"அம்மா, ஒண்ணு அந்தத் தாசில்தாரை அனுப்புங்க. இல்லேன்னா என்னை அனுப்புங்க."

திருமேனி சார் இப்படிச் சொன்னபோது பழனாத்தா தரையில் உட்கார்ந்து, ஒரு கோழியின் காலில் சிக்கியிருந்த நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்ன பண்ணுச்சுங்க சார்?"

"என்ன பண்ணலைன்னு கேளுங்க."

தாசில்தார் என்பது ஒரு பெட்டைக்கோழி. பெருவிடை, சண்டைச் சேவல்களின் வம்சம். கழுத்தை நிமிர்த்தி, நெஞ்சைத் தள்ளிக்கொண்டு, ஜமாபந்திக்கு வந்த அதிகாரி போல நடக்கும். யார் வைத்த பெயரோ, பொருத்தமாக வைத்திருந்தார்கள்.

மலைமேல் இருக்கும் முருகனுக்கு நேர்ந்துகொண்டவர்கள், கோழியையும் சேவலையும் உயிரோடு கொண்டுவந்து அடிவாரத்தில் விட்டுவிட்டுப் போவார்கள். அவற்றை யாரும் அறுக்கக் கூடாது. வேண்டுதல் எத்தனை விதமோ கோழியும் அத்தனை விதம். எந்நேரமும் அடைகாக்கத் துடிக்கும் சிறுவிடை. தன் நிழலைப் பார்த்தே ஓடும் கருங்கோழி. கழுத்தில் இறகே இல்லாமல் பிறந்து, அதைப் பற்றிக் கொஞ்சமும் வெட்கப்படாத ஒன்று. இலை உதிர்ந்தாலும் ஊரைக் கூட்டும் கினிக்கோழி இரண்டு.

அத்தனையும் பழனாத்தாவின் பொறுப்பு. மனம் சரியில்லை என்று மலைக்கு வருகிறவர்களும் நாளடைவில் அவள் பொறுப்பில் சேர்ந்துகொண்டார்கள். அவள் உபதேசம் செய்வதில்லை. தீவனக் கூடையைக் கையில் கொடுப்பாள்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. திருமேனி சாருக்கு அறுபத்து மூன்று, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவர் அவளை அம்மா என்றார். அவள் அவரைச் சார் என்றாள். குரு சீடனைச் சார் என்று கூப்பிடும் இடம் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

அவருக்கு வேண்டியது அமைதி.

நான்கு வருடத்துக்கு முன் மகன் பரிதி, நல்ல வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கப்போவதாகச் சொன்னான். வாய்ப்பேச்சு முற்றியது. "ஒரே உறையில ரெண்டு கத்தி இருக்க முடியாது. நீ கிளம்பு" என்றார் சார். அவனும் மனைவியைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குக் கிளம்பிவிட்டான். அங்கே பேத்தி பிறந்தாள். பேத்தியைப் பார்க்கப் போன சாரின் மனைவி அங்கேயே தங்கிவிட்டாள்.

வீடு அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் அவரால் ஒரு வாய் சோறு இறக்க முடியவில்லை.

போய்ப் பார்க்கலாம்தான். எந்த முகத்தோடு போவது, என்ன சொல்லிக்கொண்டு உள்ளே நுழைவது? நான்கு வருடமாக அவருக்கு அந்த முதல் வாக்கியம் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் தமிழாசிரியராக இருந்து தலைமையாசிரியர் ஆனவர்.

மலைக்கு வந்த அன்று பழனாத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "இந்தக் கோழிங்க பத்து நாளு சண்டையில்லாம திங்கட்டுங்க சார். அப்பறம் பேசலாம்" என்றாள்.

தலைமையாசிரியர் உடனே வேலையைத் தொடங்கினார். இனத்துக்கு ஒரு தட்டாக ஐந்து தட்டு வைத்தார். எந்தக் கோழியும் தன் தட்டில் தின்னவில்லை. அடுத்தவர் தட்டில் ருசி அதிகம் போலிருந்தது. தாசில்தார் மட்டும் ஐந்து தட்டையும் வரிசையாகப் பார்வையிட்டு, எதிரே வந்தவர்களுக்கெல்லாம் தலையில் ஒரு கொத்து வைத்துவிட்டு, கடைசியில் கீழே சிந்தியதைத் தின்றது.

"அது ஒண்ணாலதான் எல்லாக் கலவரமும்" என்றார் சார் இப்போது.

பழனாத்தா நூலைப் பிரித்து முடித்தாள். கோழியை விட்டாள்.

"உங்க கையில குடுத்தாச்சுங்க. உங்களுக்கு எப்படித் தோணுதோ, அப்படிப் பண்ணுங்க."

சார் தாசில்தாரைப் பிடித்து, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒரு பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து அடைத்தார். பிடிக்கும்போது அது முரண்டு பிடிக்கவே இல்லை. அது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

முதல் நாள் அமைதி. சார் மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டார்.

இரண்டாம் நாள் சிறுவிடையும் கழுத்தில் இறகில்லாததும் கட்டிப் புரண்டன.

மூன்றாம் நாள் கருங்கோழி, அந்தப் பரம சாது, ஒரு கினிக்கோழியின் கண்ணோரத்தைக் கிழித்துவிட்டது.

நான்காம் நாள் யாரும் யாரையும் தின்னவிடவில்லை. ஐந்து தட்டும் கவிழ்ந்து கிடந்தன.

"என்னம்மா இது? அதைத்தான் அடைச்சாச்சே."

"ஆமாங்க சார்."

"அப்புறம் ஏன் அடிச்சுக்குதுங்க?"

"அது நின்ன இடம் காலியா இருக்குதுங்களே. அதுல யாரு நிக்கறதுன்னுதான்."

சார் கவிழ்ந்த தட்டுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தார்.

ஐந்தாம் நாள் காலை, நல்ல வெயிலில், எல்லாம் தின்றுகொண்டிருந்த நேரம் பார்த்துத் தாசில்தாரைக் கொண்டுவந்து நடுவில் விட்டார். தப்பைத் திருத்துகிறவர் பலர் முன்னால் திருத்த வேண்டும் என்பது அவருடைய பள்ளிக்கூடத்துக் கொள்கை.

எல்லாம் தலை நிமிர்ந்தன. ஒரு நொடி பார்த்தன. பிறகு மொத்தமாகப் பாய்ந்தன.

சிறுவிடை கொத்தியது. கருங்கோழி கொத்தியது. ஐந்தே நாளில் தாசில்தார் ஊர் பேர் தெரியாத கோழியாகிவிட்டிருந்தது. இரண்டு பேரைச் சமாளிக்கும் வம்சம்தான், பத்துப் பேரை என்ன செய்யும்? கொண்டையில் ரத்தம் வழிய ஓடிவந்து, சாரின் இரண்டு காலுக்கும் நடுவில் நின்றுகொண்டது.

சார் அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அது கழுத்தை நீட்டி அவர் முழங்கையில் சாய்த்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுவாம்மா சண்டைக்கோழி?"

"பெருவிடை அப்படித்தானுங்க. தன் சாதியோடதான் சண்டை. மனுசங்ககிட்டப் பச்சப்புள்ள."

"நான் இதைப் பிரிச்சிருக்கக் கூடாது."

பழனாத்தா வழிந்த ரத்தத்தைத் துடைத்தாள். மஞ்சளைக் குழைத்துக் கொண்டையில் தடவினாள்.

"இனிமே இதைச் சேத்துக்குமா?"

"சேத்துக்குங்க."

"எப்படி? என்ன பண்ணணும்?"

"பொழுது சாயட்டும்."

அதுவரை சார் கோழியை மடியை விட்டு இறக்கவில்லை. மதியச் சோற்றைக்கூட ஒற்றைக் கையால்தான் சாப்பிட்டார், அதில் பாதியைத் தாசில்தார் சாப்பிட்டது.

பொழுது சாய்ந்தது. கோழிகள் ஒவ்வொன்றாகத் தங்கள் கொட்டகைக்குள் ஏறி, மூங்கிலில் வரிசையாக அடைந்தன. பகலெல்லாம் ரத்தம் பார்த்தவை தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தன. உள்ளே இருட்டு கட்டத் தொடங்கியதும் பழனாத்தா தாசில்தாரை வாங்கிக்கொண்டாள். சிறுவிடையை இந்தப் பக்கம் ஒரு விரற்கடை, கருங்கோழியை அந்தப் பக்கம் ஒரு விரற்கடை நகர்த்தினாள். நடுவில் அதை வைத்தாள்.

சிறுவிடை லேசாக முனகியது. அவ்வளவுதான்.

"கொத்தாதுங்களா?" சாரின் குரல் கிசுகிசுத்தது.

"இந்நேரத்துக்கு அதுங்களுக்குக் கண்ணு தெரியாதுங்க சார். பக்கத்துல கதகதன்னு ஒண்ணு உக்காந்திருக்குதுன்னு மட்டும் தெரியும்."

"விடிஞ்சா?"

"விடிஞ்சா, ராத்திரி பூராவும் கூடவேதான இருந்துச்சுன்னு விட்டுரும்."

"ஒண்ணும் கேக்காதா?"

"என்னத்தைக் கேக்குது?"

மறுநாள் விடிந்ததும் சார் கொட்டகை வாசலில் போய் நின்றார். கோழிகள் இறங்கின. சிறுவிடை இறங்கியது, பின்னாலேயே தாசில்தார் இறங்கியது, அதன் வாலை உரசிக்கொண்டு கருங்கோழி இறங்கியது. சார் தீவனத்தை ஒரே இடத்தில் கொட்டினார். தாசில்தார் வழக்கம் போல இரண்டு தலையில் கொத்தியது. கொத்து வாங்கியவை நகர்ந்து நின்று தின்றன. மஞ்சள் பூசிய அந்தக் கொண்டையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சார் வெறும் கூடையைப் பிடித்தபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு உள்ளே போய்த் தன் பையை எடுத்துக்கொண்டு வந்தார்.

"பத்து நாள் ஆகலைங்களே சார்" என்றாள் பழனாத்தா.

"திருப்பூருக்கு எப்பம்மா பஸ்?"

"எட்டு மணிக்கு இருக்குதுங்க. இப்ப நடந்தா புடிச்சிரலாம். மத்தியானச் சாப்பாட்டுக்கே போயிரலாம்."

"அது வேண்டாம்மா. பொழுது சாஞ்சப்புறம் போய்ச் சேர்ற மாதிரி ஒண்ணு சொல்லுங்க."